மதுரையில் புதுக் காருக்கு ஆக்சசரீஸ்: ஷோரூமா, வெளிக்கடையா, ஆன்லைன் கிட்டா? வாரண்டியை வைத்து ஒரு மதிப்பீடு

புதுக் கார் டெலிவரி எடுத்த கையோடு காளவாசல் பைபாஸ் ரோட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புவது மதுரையில் பலருக்கு வழக்கம். ஃபாக் லேம்ப், ஹார்ன், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, சீட் கவர் எல்லாம் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். ஷோரூமில் சொன்ன விலையைவிடக் குறைவாகவும் முடியும். ஆனால் "வெளியில கை வச்சா வாரண்டி போயிடும் சார்" என்று ஷோரூமில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்பார் கடைக்காரர். இரண்டிலுமே பாதிதான் உண்மை. மூன்று வழிகளையும் வாரண்டி என்ற ஒரே அளவுகோலில் வைத்து இங்கே பார்க்கிறோம்.

முதலில் உங்கள் வாரண்டி கையேட்டை எடுத்து, எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்ற பகுதியைப் படியுங்கள். பொதுவாக இரண்டு விதமான வாசகம் இருக்கும். நிறுவனம் அனுமதிக்காத மாற்றத்தால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்பது ஒன்று. மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கே வாரண்டி பொருந்தாது என்பது மற்றொன்று, இது கடுமையானது. இரண்டாம் வகை வாசகம் இருந்தாலும் சர்வீஸ் சென்டரில் மறுப்பு வருவது பெரும்பாலும் பாகம் பாகமாகத்தான். ஸ்டீரியோ மாற்றியதற்காக கியர்பாக்ஸ் க்ளெயிமை மறுப்பது கடினம், வயரிங் க்ளெயிமை மறுப்பது மிகச் சுலபம். மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உயர்த்தியது. அவ்வளவு நீண்ட பாதுகாப்பை ஒரு ஃபாக் லேம்ப் ஒயருக்காக இழப்பது பெரிய நஷ்டம்.

ஒரு கடையை மதிப்பிட விலையைவிட நல்ல அளவுகோல் அவர்கள் போடும் ஜாயின்ட். 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அவசர வேலை செய்யும் கடையில் பார்க்கிங் லேம்ப் ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். பார்க்கிங் லேம்ப் ஒயர் 5 வாட் பல்புக்குப் போட்டது. இப்போதைய பல கார்களில் அது பாடி கன்ட்ரோல் மாட்யூலில் (விளக்கு, பூட்டு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி) இருந்து நேராக வருவதால், கூடுதல் கரண்ட் இழுத்தால் மாட்யூல் அந்த இணைப்பையே நிறுத்திவிடும், இல்லாவிட்டால் உள்ளே அந்த விளக்கை இயக்கும் சிப் சூடாகிக் கருகும். அந்த மாட்யூலின் விலை ஃபாக் லேம்ப் விலையைப் பல மடங்கு தாண்டும். க்ளெயிம் கேட்டுப் போனால் சர்வீஸ் அட்வைசர் முதலில் போட்டோ எடுப்பது அந்த டேப்பைத்தான். மதுரை வெயிலில் என்ஜின் அறைக்குள் டேப்பின் பசை ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. டேப் அவிழ்ந்து செம்பு வெளியே வந்தால் ஷார்ட் ஆக வாய்ப்பு அதிகம்.

சரியான வேலை எப்படி இருக்கும்? பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து தனி ஒயர், குறைந்தது 1.5 சதுர மி.மீ. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். அதன்பின் 30 ஆம்பியர் ரிலே, அதாவது சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச். வண்டியின் ஸ்விட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்க வேண்டும், அது இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான். எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட வேண்டும். ஜாயின்ட்டைக் கிரிம்ப் செய்து (உலோக முனையை இறுக நெரித்து) மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்ற வேண்டும். கேபினுக்குள் வரும் ஒயர் ரப்பர் குரோமெட் வழியாகத்தான் வர வேண்டும், தகட்டில் புது ஓட்டை போடக் கூடாது. ஃபியூஸை லேம்ப் பக்கத்தில் வைக்கும் கடைகள் உண்டு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் ஒயர் உரசினால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது. இந்த ஒன்றைப் பார்த்தாலே அந்தக் கடையில் வேலை தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் இரண்டு அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். லேம்ப் எரியும்போது பேட்டரி முனையிலும் லேம்ப் முனையிலும் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயர் மெலிதாக இருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை. அடுத்தது, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் முனையில் வைத்து பேட்டரியில் இருந்து கசியும் கரண்டைப் பார்ப்பது. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. ஸ்டீரியோவையோ கேமராவையோ சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காத நேர் சப்ளையில் கொடுத்திருந்தால் அது 300 மில்லி ஆம்பியர் வரை போகலாம். அப்படியானால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. 35 ஆம்பியர் மணி பேட்டரி உள்ள சின்னக் கார் மூன்று நாள் நிற்பதற்குள் ஸ்டார்ட் ஆகத் திணறும். பேட்டரிக்கு வாரண்டி தருவது பேட்டரி நிறுவனம். அவர்களும் இதே கசிவைத்தான் அளந்து பார்ப்பார்கள். இந்த அளவை எடுக்க மீட்டரே இல்லை என்று சொல்லும் கடையில் மின்சார வேலை எதையும் கொடுக்காதீர்கள்.

ஷோரூம் கவுன்டருக்கு வருவோம். விலை கூடுதல் என்றாலும், நிறுவனத்தின் பாக எண் உள்ள பொருளுக்கு நிறுவனமே பொறுப்பு. அதன் ஒயரிங் வண்டியின் கப்ளரிலேயே (ஒயர்களைச் செருகும் பிளக்) பொருந்தும்படி வரும். ஆனால் ஷோரூமில் விற்பதெல்லாம் நிறுவனப் பொருள் என்று நம்பிவிட வேண்டாம். சில இடங்களில் டீலரே வெளியில் வாங்கி வைத்த சரக்கும் அதே கவுன்டரில் இருக்கும், மாட்டுவதற்கு வெளி ஆளே வருவார். பில்லில் பாக எண் இருக்கிறதா, வாரண்டி தருவது நிறுவனமா டீலரா என்று கேளுங்கள். பாக எண் இல்லாமல் "ஆக்சசரீஸ் பேக்கேஜ்" என்று ஒரே வரியில் போட்ட பில்லுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக் போன்ற ஒயரிங் சம்பந்தமான வேலைக்கு, பாக எண்ணுடன் என்றால் ஷோரூம்தான் எங்கள் முதல் தேர்வு. மேட், மட் ஃப்ளாப், டோர் வைசர், மொபைல் ஹோல்டர் எல்லாம் வெளியில் தாராளமாக வாங்கலாம்.

ஆன்லைன் கிட்டில் ஸ்டீரியோவுக்கான கப்ளர் ஹார்னஸ் உண்மையிலேயே நல்ல பொருள். உங்கள் மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்கினால் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. சர்வீஸுக்கு விடும்போது கழற்றிப் பழைய ஸ்டீரியோவைப் பொருத்திவிடவும் முடியும். ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் எச்4 பல்பு வாங்குவது நேர்மாறானது. வண்டிக்கு வருவது 60/55 வாட். கூடுதல் சூட்டில் ஹோல்டர் உருகும், பிரதிபலிப்பான் மங்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லி ஓபிடி சாக்கெட்டில் (சர்வீஸில் ஸ்கேனர் செருகும் இடம்) செருகும் சிப்பை வாங்கவே வேண்டாம்.

சீட் கவரில் ஒயர் இல்லை, ஆனால் ஆபத்து அதிகம். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில் அங்கே ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கும். அந்த இடத்தை இறுக்கமான ரெக்சின் மூடினால் விபத்து நேரத்தில் ஏர்பேக் தாமதமாக விரியும், அல்லது தவறான திசையில் விரியும். அந்த ஓரத்தில் எளிதில் பிரியும் தையல் உள்ள கவரையோ, திறந்தபடி விட்ட கவரையோதான் வாங்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் கப்ளரை இக்னிஷன் ஆனில் பிடுங்கினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியின் கணினியில் பழுதுக் குறியீடு (கோடு) பதிவாகிவிடும். டேஷ் கேமராவும் இப்படித்தான். அதன் ஒயர் முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ-பில்லரில் கர்ட்டன் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது.

அலாய் வீல் மாற்றுவதில் கணக்கு எளிது. டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. 195/55 ஆர்16 போட்டால் 620.9, வித்தியாசமே இல்லை. 205/65 ஆர்15 போட்டால் 647.5, அதாவது 4 சதவீதத்துக்கு மேல். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் உள்பக்கம் உரசவும் வாய்ப்புண்டு. ரிம் எவ்வளவு உள்ளே பொருந்துகிறது என்ற ஆஃப்செட் அளவு மாறி சக்கரம் வெளியே தள்ளினால் வீல் பேரிங்கில் பளு ஏறும். பேரிங், சஸ்பென்ஷன் க்ளெயிம் மறுக்கப்படுவது இதனால்தான்.

என்ஜின் ரீமேப், அதாவது என்ஜின் கணினியின் (ஈசியு) மென்பொருளை மாற்றி எழுதுவது பற்றி வளைக்காமல் சொல்கிறோம்: வாரண்டி உள்ள வண்டியில் செய்யாதீர்கள். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். பல ஈசியுக்களில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளேயே நிற்கும். பி0234 என்ற கோடு, அதாவது டர்போ அழுத்தம் மிகுதி, பதிவாகியிருந்தால் கேள்வி அங்கிருந்தே தொடங்கும். டர்போவும் கிளட்ச்சும் உங்கள் செலவுதான். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்து பி0101 வரும். வெளியில் சிஎன்ஜி கிட் போட்டால் என்ஜின் வாரண்டி போனதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் பதிவும் கட்டாயம்.

வாரண்டிக்கு அப்பால் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, நிறுவனம் தந்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. முன்னால் மாட்டும் இரும்புக் க்ராஷ் கார்டை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே விதிமீறல் என்று அறிவித்தது. அது மோதலின் இடியை வண்டியின் சேசிஸுக்கு நேராகக் கடத்தி, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும்.

க்ளெயிம் மறுக்கப்பட்டால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். பதிவான கோடு, பழுதான பாகத்தின் எண், எந்த மாற்றம் எப்படி அந்தப் பழுதை உண்டாக்கியது ஆகிய மூன்றையும் ஜாப் கார்டில் எழுதித் தரக் கேளுங்கள். பி0300 என்பது என்ஜின் மிஸ்ஃபயர். பின் கண்ணாடியில் மாட்டிய கேமராவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் விளக்க வேண்டும். யூ0100 என்றால் என்ஜின் மாட்யூலுடன் தொடர்பு அறுந்தது. வெளி ஒயரிங் இருந்தால் சந்தேகம் நியாயமானதே. யூடியூபில் பலர் மேற்கோள் காட்டும் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அமெரிக்காவுடையது, இங்கே செல்லாது. நமக்கு இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பழுதுக்குக் காரணம் எது என்பதில் தகராறு இருந்தால், பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அதனால் பழுதான பாகத்தைக் கழற்றுமுன் அது இருந்த நிலையைப் போட்டோ எடுத்து வைப்பது அவசியம்.

வெளிக்கடையில் வேலை கொடுப்பதென்றால் ஜிஎஸ்டி எண்ணுடன் பில், பொருளின் மாடல், மாட்டிய தேதி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி வாங்குங்கள். கழற்றிய அசல் பாகங்களைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பில்லின் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். மின் ஆக்சசரீஸுக்குப் பொருள் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விகிதம் நிர்ணயிக்கப்பட்டிருந்த பழைய டாரிஃப் காலத்திலிருந்து வரும் கணக்கு. அதைக் கட்டி பாலிசியில் சேர்க்காவிட்டால், விபத்திலோ திருட்டிலோ அந்தப் பொருளுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.