எச்சில் சோறு எங்கே போகட்டும்: உரத்தொட்டியா, எரிவாயுக் கலனா?

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் உணவகத்தை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று கணக்கில் வைத்தன. ஹோட்டல்கள் மக்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. தரம் பிரிப்பது இரண்டு வழிக்கும் பொது. பார்சல் சாம்பாரின் ரப்பர் பேண்ட் ஒன்று போதும், கழிவை அரைக்கும் இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ள.

உரத்தொட்டிக்குச் செலவு குறைவு. வாழை இலை, காய்கறித்தோல் எல்லாம் நறுக்கிப் போட்டால் மக்கும். சிக்கல் சாம்பார்ச் சோற்றில்தான். அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கொண்டுவர, 100 கிலோ கழிவுக்கு 30 கிலோவாவது காய்ந்த மரத்தூளோ சருகோ கலக்க வேண்டும். மாதத்துக்கு 900 கிலோ. இதை வாங்கி, நனையாமல் அடுக்கி, தினமும் கிளறிவிட ஆள் வேண்டும். இரண்டு நாள் தவறினால் காற்று புகாமல் அழுகி, புழு வைத்துவிடும். அது தெரியவரும்போது நாற்றம் சாப்பாட்டுக் கூடம்வரை வந்திருக்கும்.

இடமிருந்தால், கழிவை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து வாயு எடுக்கும் எரிவாயுக் கலன்தான் என் பரிந்துரை. காரணம் பராமரிப்பு. கலன் கெடத் தொடங்கினால் அடுப்பில் சுடர் தளரும். சமையல்காரர் அன்றைக்கே குரல் கொடுப்பார். 100 கிலோ கழிவோடு 100 லிட்டர் தண்ணீர் கரைத்து விட்டால், அது உள்ளே 40 நாள் தங்க 8 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். நன்றாக ஓடும் கலன் தினமும் ஏறக்குறைய 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு தரும். ஐந்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். ஊட்டி மாதிரிக் குளிரூருக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப்போக வேண்டாம்.

முதலில் சாணக்கரைசல் நிரப்பி, சுடர் பிடித்த பிறகு 10 கிலோவில் தொடங்கி, ஒரு மாதத்தில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். முகூர்த்த நாளில் மிஞ்சியதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்துப்போகும். வாயு வரும், தீப்பிடிக்காது. அப்போது கழிவு போடுவதை நிறுத்தி, சாணக்கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்பு நீரும் விட்டு, புளிப்பை அளக்கும் அமிலத்தாளில் (pH தாள்) 7-ஐ ஒட்டி வரும்வரை பொறுக்க வேண்டும். வாழை இலையைக் கலனில் போடவே கூடாது. நார் மேலே மிதந்து ஆடையாகக் கட்டி வாயுவை மறிக்கும். மாட்டுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் இலைக்கு மட்டும் சின்ன உரத்தொட்டி. வாயுக் குழாயில் சேரும் நீரை வாரம் ஒருமுறை வடியுங்கள்.

கலனிலிருந்து தினமும் 200 லிட்டர் அளவுக்கு நொதித்த கழிவுக் கரைசல் வெளியேறும். தென்னைக்கோ தோட்டத்துக்கோ பாய்ச்ச வழியில்லாமல் தெருச் சாக்கடையில் விடுவதாக இருந்தால் கலன் வேண்டாம், உரத்தொட்டியே போதும்.