காரில் மிஞ்சிய ஆயிலும் என் பல்சர் கிளட்சும்

என் பல்சர் 150-ஐ 2013 ஆயுத பூஜைக்கு எடுத்தேன். மீட்டர் 94 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதுவரை எஞ்சினைப் பிரித்ததில்லை. கிளட்ச் பிளேட் மட்டும் ஒரு முறை மாற்றினேன். அது 38 ஆயிரத்தில், முழுக்க முழுக்க என் கஞ்சத்தனத்தால்.

மச்சான் தன் காருக்கு ஆயில் மாற்றினான். ஐந்து லிட்டர் கேனில் ஒன்றரை லிட்டர் மிஞ்சியது. “மாப்ளே, ஃபுல் சிந்தெடிக். உன் வண்டிக்கெல்லாம் இது ரொம்ப அதிகம், எடுத்துட்டுப் போ” என்றான். கெட்டித்தன்மை எண் 5டபிள்யூ-30. பைக் மேனுவலில் 20டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) என்று தெளிவாகப் போட்டிருந்தது. மேனுவலை யார் பார்த்தார்கள்? விலை கூடிய ஆயில், சும்மா கிடைக்கிறது, ஊற்றிவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் வண்டி வெண்ணெய் போல ஓடியது. பிக்கப் லேசாக இருந்தது, நியூட்ரல் சுலபமாக விழுந்தது. மச்சானுக்கு நன்றி கூடச் சொன்னேன். மூன்றாவது வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு லாரியை முந்த ஐந்தாவது கியரில் த்ராட்டிலைத் திருகினால், ஆர்பிஎம் முள் ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குத் தாவுகிறது, வண்டி அதே வேகத்தில் போகிறது. காற்று என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவு. முப்பது தாண்டுவதற்குள் எஞ்சின் மட்டும் கத்துகிறது, சக்கரம் வரமாட்டேன் என்கிறது. அப்புறம் அந்த வாசனை. ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் முதலில் கிளட்ச் கேபிளைத்தான் பார்த்தார். லீவரில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் இதே மாதிரி ஸ்லிப் ஆகும். கேபிள் சரியாகவே இருந்தது. ஆயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தண்ணி மாதிரி இருக்கு, என்ன ஊத்துனீங்க?” என்றார். சொன்னேன். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை, ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றப் போய்விட்டார்.

அன்று அவர் சொல்லாததைப் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும்தான். கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில், கிளட்ச் காய்ந்த இடத்தில் தனியாக இருக்கிறது. நம் பைக்கில் ஒரே ஒரு லிட்டர் சொச்சம் ஆயில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. கிளட்சில் உராய்வுத் தாள் ஒட்டிய பிளேட்டும் வெறும் இரும்பு பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், அந்த அடுக்கு முழுக்க எண்ணெயில் ஊறிக்கிடக்கும். எஞ்சின் பாகங்கள் வழுக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கவே கூடாது. இரண்டும் ஒரே எண்ணெயில் நடக்க வேண்டும். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கார் ஆயிலில் போடுகிறார்கள். காருக்கு அது வரம், பிளேட்டுக்கு அதுவே சோப்பு. வெண்ணெய் போல ஓடியதாக நான் மகிழ்ந்தது இதைத்தான்.

1998-இல் ஜப்பான்காரர்கள் ஜாசோ டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். கிளட்ச் பிடிப்பைச் சோதித்து, பிடிப்பு கூடுதலாக இருந்தால் எம்ஏ, குறைவாக இருந்தால் எம்பி என்று பிரித்தார்கள். 2006-இல் எம்ஏ-வையே எம்ஏ1, எம்ஏ2 என்று உடைத்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். எம்பி, ஆக்டிவா மாதிரி பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு. அங்கே கிளட்ச் ஆயிலைத் தொடுவதே இல்லை. (எங்கள் தெருவில் எம்பி என்றால் தேர்தலுக்குத் தேர்தல் வருபவர்தான், அவருக்கும் பிடிப்பு கொஞ்சம் குறைவு.) கேம், கியர் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸுக்கும் இந்தத் தரத்தில் 0.08 சதவீதம் என்று ஒரு கீழ்வரம்பு உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, புதிய கார் ஆயில்களில் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கெட்டித்தன்மையிலும் நான் சறுக்கியிருந்தேன். பின்னால் நிற்கும் எண்தான் கிரேடு. 100 டிகிரி சூட்டில் 50 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும், 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை. ஏறக்குறைய பாதி. அதுவும் பைக்கில் கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி இன்னும் நீர்க்க வைக்கும். குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்லும் முன் எண்ணைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். 20டபிள்யூ என்ற சோதனையே மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது. சேலத்தில் மார்கழி விடியலில்கூட நமக்கு அது தேவைப்படாது. இதற்காக எல்லா வண்டிக்கும் 50 ஊற்றச் சொல்லவில்லை. 10டபிள்யூ-30 எம்ஏ கேட்கும் பைக்குகள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு அதுதான் சரி.

ஆயிலை மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினோம். ஸ்லிப் பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டன. புது செட் வாங்கி, ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்துப் போட்டார். மிச்சம் பிடித்த ஆயில் காசைப் போல மூன்று மடங்கு போனது.

எங்கள் சித்தப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். “ஆயில்னா ஆயில்டா, நான் முப்பது வருஷம் எதை எதையோ ஊத்தியிருக்கேன்.” அவர் வைத்திருந்தது பழைய வார்ப்பிரும்பு புல்லட். அதில் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் கேஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஊற்ற வேண்டும். அவர் எஞ்சினில் எதை ஊற்றினாலும் கிளட்சுக்குத் தெரியவே தெரியாது. காரும் ஸ்கூட்டரும் பழைய புல்லட்டும் வைத்திருப்பவர்கள் பைக்குக்குச் சொல்லும் யோசனையை அதன் பிறகு நான் காதில் வாங்குவதில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஏற்காட்டில். நண்பர் காப்பித் தோட்டத்தில் சின்ன 110 சிசி ஏடிவி (நாலு சக்கர மேட்டு வண்டி) ஒன்று வைத்திருக்கிறார். கிளட்ச் லீவரே கிடையாது, அதனால் ஸ்கூட்டர் மாதிரிதான் என்று எம்பி ஆயில் ஊற்றிவந்தார். அந்த எஞ்சின் ஹோண்டா கப் என்ற பழைய சின்ன பைக்கின் அமைப்பின் வழிவந்தது. உள்ளே தானியங்கி கிளட்ச் ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. மேட்டில் நின்று கிளம்ப முரண்டு பிடித்தது. எம்ஏ-வுக்கு மாறியதும் கிளம்பிவிட்டது, பிளேட் தப்பியது. லீவர் இருக்கிறதா என்பது கணக்கில்லை, கிளட்ச் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே கணக்கு.

2017-க்குப் பிறகு நான் மாற்றி மாற்றிப் பார்த்தவை: மோட்டுல் 3000 (மினரல்), மோட்டுல் 5100 15டபிள்யூ-50 (செமி சிந்தெடிக்), மோட்டுல் 7100 20டபிள்யூ-50 (ஃபுல் சிந்தெடிக்). ஃபுல் சிந்தெடிக் போட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகும் என்பது கட்டுக்கதை. 7100-இல் இரண்டு முறை ஓட்டினேன், ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆனால் தினம் 24 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வரும் 150 சிசிக்கு அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மினரலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கியர் கெட்டியாகி, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே சில சமயம் ஏமாற்றும். 5100-இல் அது ஐயாயிரம் வரை தள்ளிப்போகிறது. இப்போது அதிலேயே நிற்கிறேன். ஆயில் கருப்பதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை, கியர் விழும் விதம்தான் என் மீட்டர்.

கடையில் டின்னைத் திருப்பி ஜாசோ என்று அச்சிட்ட சின்னப் பெட்டியைத் தேடுவேன். ‘4டி’ (ஃபோர் ஸ்ட்ரோக்) என்பதும் பைக் படமும் எதையும் உறுதி செய்யாது, ஸ்கூட்டர் ஆயிலிலும் 4டி இருக்கிறது. ஏபிஐ என்ற அமெரிக்கத் தர முத்திரை வட்டத்தின் அடியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் மிச்சத்துக்கான கார் ஆயில்) என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். காலி டின்னை ஆணியால் குத்திவிட்டுத்தான் போடுவேன். அதை வாங்கி நிரப்பி விற்க ஆள் இருக்கிறது.

மச்சானின் கேனில் கடைசியாகக் கால் லிட்டர் மிஞ்சியிருக்கிறது. வாசல் கேட்டுக் கீலுக்கு விட்டுவருகிறேன். அங்கே நன்றாக வேலை செய்கிறது.