சத்தமில்லாத ஷட்டரும் சபா விளக்கும்

என்னிடம் இருக்கும் கேமராவின் விலை இந்த வாரம் நன்றாக இறங்கியிருக்கிறது. உடனே நண்பர் கேட்டார்: "மார்கழிக் கச்சேரி எடுக்க இதை வாங்கலாமா? ஐஎஸ்ஓ 6400 வைத்தால் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருமாமே?" அவரிடம் மட்டும் சொல்லி ஆறுகிற ஆத்திரம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மாடல் பெயர் வேண்டாம். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), மிரர்லெஸ். இந்த ரகத்தில் பல கேமராக்களுக்கும் இதே குணம்தான்.

முதலில் புள்ளி விவகாரம். ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு; அதை ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி கூடும். பயப்படவே வேண்டாம். 6400-இல் எடுத்த படங்களை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். மிருதங்கத்தின் வலந்தலைக் கருப்பு வட்டத்தின் மேல் விரல் இறங்கும் படம் ஒன்று. அந்தக் கருப்பின் சொரசொரப்பு வரை தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் புள்ளி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புள்ளியை மென்பொருள் கழுவிவிடும். லைட்ரூம் என்ற பட மென்பொருளில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலில் அதை நன்றாகவே செய்கிறது. அசைந்து குழம்பிப்போன விரலை யாராலும் மீட்க முடியாது. அதனால் ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்கு ஏற்றுங்கள், ஐஎஸ்ஓ எங்கே போனாலும் போகட்டும். புள்ளியை நீக்க கேமராவுக்குள் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் 'லோ'வில் வையுங்கள். இல்லையென்றால் பாடகர் மெழுகு பொம்மையாகிவிடுவார், பட்டுப்புடவையின் ஜரிகை காணாமல் போகும்.

புள்ளிக்கு மூலகாரணம் வெளிச்சப் பஞ்சம். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஜேபெக் படத்தைப் பிரகாசமாக்கினால் நிழலெல்லாம் இன்னும் அசிங்கமாகும். கூட வரும் கிட் லென்ஸ் ஜூம் முனையில் எஃப்/5.6 (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). அதற்குப் பதில் 50 எம்எம் எஃப்/1.8 மாட்டினால், 6400 கேட்ட அதே இடம் 650 அளவில் முடிந்துவிடும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஃபுல் ஃபிரேம் வாங்கினால் கிடைப்பது ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும்தான். மேடைக்குப் பின்னால் கருப்புத் திரை இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை இறக்கிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பாராட்டு. இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

சபாவில் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டர் 'க்ளக்' என்றால், முன்வரிசை மாமி திரும்பிப் பார்க்கும் பார்வையில் கேமரா உருகிவிடும். அதற்காகத்தானே சைலன்ட் மோடு என்று போட்டேன். சத்தம் சுத்தமாக இல்லை. படத்தைப் பார்த்தால் வயலின் வித்வானின் வெள்ளைச் சட்டையில் குறுக்கே மூன்று சாம்பல் பட்டைகள்.

காரணம் எளிது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் மோடு பயன்படுத்தும் எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. முழுவதும் படித்து முடிக்க என் கேமராவுக்கு ஏறக்குறைய 1/30 வினாடி ஆகிறது. அதற்குள் விளக்கு மூன்று தரம் மங்கிவிடுகிறது. ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துப் பட்டை மறையும். வாய்ப்பாட்டுக்காரருக்கு அது போதும். மிருதங்கக் கைக்குப் போதாது, பரதநாட்டியத்துக்குச் சுத்தமாகப் போதாது. டிம்மர் போட்டு மங்கவைத்த எல்இடி தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். அங்கே 1/100-உம் கைகொடுக்காது.

மெனுவில் 'ஆன்ட்டி ஃப்ளிக்கர்' என்று ஒன்று இருக்கிறது; விளக்கு துலங்கும் கணம் பார்த்துப் படம் எடுக்கும். சைலன்ட் மோடு போட்டதும் அது சாம்பல் நிறமாகிவிடும், தொட முடியாது. எங்கே வேண்டுமோ அங்கே இல்லை! அப்டேட் வரும்போதெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறேன். இன்றுவரை சாம்பல்தான்.

கடைசியில் கைதட்டலுக்குக் காத்திருந்து எடுக்கும் ஆளாகிவிட்டேன். தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனத்தில் தாராளமாக எடுக்கலாம். மற்ற நேரத்தில் பாட்டு முடிந்த பிறகுதான். என் சேகரிப்பில் பாதிப் பேர் பாடவே இல்லை, துண்டால் முகம் துடைக்கிறார்கள்.

அதே கேமராவை மயிலாப்பூர் மாட வீதிக்கு, பங்குனியில் அறுபத்துமூவர் அன்று கொண்டுபோனால் கதையே வேறு. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? மெக்கானிக்கலில், ஆன்ட்டி ஃப்ளிக்கரோடு தைரியமாக எடுக்கலாம். இருட்டிய பிறகு பல்லக்கு தூக்குபவரின் தோளில் வியர்வை உருளுவதைத் துளித்துளியாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர், 2023-இல் சோனி அறிவித்த ஏ9 III-இல் இருக்கிறது. அதில் இந்தப் பட்டைப் பிரச்சினை கிடையாது. விலை லட்சங்களில். அந்தக் காசுக்குச் சபாவில் ஆயுள் உறுப்பினராகிக் கையை வீசிக்கொண்டு போய்ப் பாட்டு கேட்கலாம்.

ஆகவே நண்பரே, கச்சேரிக்கு என்றால் விலை இன்னும் பாதியானாலும் இதை வாங்காதீர்கள். "அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றார். அது முடியாது. பங்குனிக்கு எனக்கு வேண்டும்.