லெகோவில் ஜெர்மனியின் 80 வகை ஷன்டிங் எஞ்சின்: நீண்ட நாள் ஓட்டத்துக்குப் பின்

அலமாரியில் நிறுத்தி வைக்க எஞ்சின் கட்டுவது எளிது. பாயின்ட்டுகளுக்கு (தண்டவாளம் பிரியும் இடங்கள்) நடுவே முன்னும் பின்னும் பெட்டிகளைத் தள்ளி இழுக்கும் ஷன்டிங் எஞ்சின் என்றால், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் சரியாக அமைந்த பிறகே மேல்கட்டைத் தொட வேண்டும்.

1927 முதல் 1929 வரை ஜெர்மன் அரசு ரயில்வே 39 எண்ணிக்கையில் வாங்கிய 80 வகை நீராவி எஞ்சின் இதற்கு அருமையான மாதிரி. லைப்சிக், கொலோன் போன்ற பெரிய நிலையங்களில் பயணிகள் பெட்டிகளைக் கோத்துக் கொடுத்த வண்டி. நீளம் 9.67 மீட்டர், மூன்று அச்சு, 1100 மி.மீ. சக்கரம், உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ. நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் தனி டெண்டர் வண்டி கிடையாது. 1:45 அளவில் நீளம் 27 ஸ்டட் (லெகோ மேற்குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ.) வரும். அகலத்துக்கு 8 ஸ்டட் போதும்.

முதல் சிக்கல் சக்கரம். இந்த அளவுக்கு 24 மி.மீ. விட்டம்தான் வேண்டும், லெகோவின் பெரிய ரயில் சக்கரமோ சுமார் 30 மி.மீ. இருக்கிறது. மேல்தளத்தை ஒரு பிளேட் (மெல்லிய லெகோ துண்டு) அளவு உயர்த்தினால் இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது. சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கும் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அச்சுகளுக்கு இடையே 5 ஸ்டட் விட வேண்டும். ஆக முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் 10 ஸ்டட், அதாவது 80 மி.மீ. லெகோவின் வழக்கமான வளைவின் ஆரம் 320 மி.மீ. அதில் நடு அச்சு தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 2.5 மி.மீ. விலகும். அதனால் நடுவில் விளிம்பில்லாத சக்கரம்தான் போட வேண்டும். விளிம்புள்ளதைப் போட்டால் நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடிவிட்டு, பாயின்ட்டில் ஏறி இறங்கும்.

சக்கரங்களை இணைக்கும் ராடுகளுக்கு 6 துளை கொண்ட மெல்லிய லிஃப்டார்ம் (துளையிட்ட லெகோ சட்டம்) பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. இரண்டும் நடுச்சக்கரத்தின் பின்னில் (இணைப்பு முளை) ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். 11 துளை லிஃப்டார்ம் ஒன்றே போட்டாலும் ஓடும். ஆனால் தண்டவாள இணைப்பின் சிறு மேடுகளில் இரண்டு துண்டு ராடு மடங்கிக் கொடுக்கும், ஒற்றை ராடு கொடுக்காது. கறுப்பு பின்கள் இறுக்கம் கொண்டவை. இங்கே உராய்வில்லாத பின்கள்தான் வேண்டும். வலப்பக்க ராடும் இடப்பக்க ராடும் 90 பாகை தள்ளி நிற்க வேண்டும். அச்சு கூட்டல் குறி வடிவில் இருப்பதால், ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றிக் கால் சுற்று திருப்பி மாட்டினால் துல்லியமாக அமைந்துவிடும். மூன்று அச்சிலும் ஒரே திசையில் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே நிலையில் இருந்தால், ராடு சக்கர மையத்தோடு நேர்கோட்டில் வரும் கணத்தில் பின்சக்கரம் எதிர்த்திசையில் சுழலப் பார்த்து எல்லாம் இறுகிவிடும்.

வேகம் அடுத்தது. லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் மின்சாதன வரிசையைச் சேர்ந்த எல் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 390 சுற்று வரை போகும். நேரடியாக இணைத்தால் அளவுப்படி மணிக்கு 100 கி.மீ.யைத் தொடும், ஷன்டிங் எஞ்சினுக்கு இது பொருந்தவே பொருந்தாது. 8 பல், 24 பல் கியர்களால் மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் 33 கி.மீ. ஆகும், இழுவையும் கூடும். இதைத்தான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

எஞ்சினின் முனை வளைவில் சுமார் 16 மி.மீ. வெளியே வீசும். பெட்டியை இணைக்கும் காந்தக் கப்ளிங்கை உடலோடு இறுக்கிப் பொருத்தினால், இழுக்கும்போது தாக்குப்பிடித்தாலும் தள்ளும்போது பெட்டி தடம் புரளும். முனையிலிருந்து 4 ஸ்டட் உள்ளே ஒரு பின்னில் சுழலும்படி கப்ளிங்கை அமையுங்கள். சிலிண்டர்களின் அகலத்தையும் கவனியுங்கள்: 10 ஸ்டட்டைத் தாண்டினால் பாயின்ட்டின் கைப்பிடிப் பெட்டியில் இடிக்க வாய்ப்பு அதிகம்.

நீண்ட ஓட்டத்தில் முதலில் தளர்வது சக்கரத்தின் ரப்பர் வளையங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்ததும் சக்கரம் வழுக்கத் தொடங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் பிடிப்பு திரும்பும், வெடிப்பு விட்டவற்றை மாற்றத்தான் வேண்டும். அச்சு சுழலும் துளைகளில் சாம்பல் நிறப் பொடி தென்பட்டால் பிளாஸ்டிக் தேய்கிறது என்று பொருள். மிகக் குறைவாக சிலிக்கோன் கிரீஸ் தொட்டு வையுங்கள். பெட்ரோலிய எண்ணெய் கூடாது. அச்சுகளில் சுற்றும் தலைமுடியை எடுக்காவிட்டால் மோட்டார் திணறும். ரீசார்ஜ் பேட்டரி ஆறு போட்டால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2 வோல்ட்தான் கிடைக்கும். வேகம் குறையும், ஆனால் ஷன்டிங்குக்கு அந்த வேகமே தாராளம்.