'அரை மணித்தியால வேலை' என்று சொல்கிற இடத்தில் பழைய வானை விடாதீர்கள்

பழைய கொம்பி, பழைய ஹையேஸ், டெலிக்கா என்று ஏதாவது ஒன்றை வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பின் சீற்றைக் கழற்ற எங்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்து ஐந்து கிழமை. இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் வான் 1972ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி. ஹனோவரில் செய்தது, முன்பக்கம் ஒரே கண்ணாடியாக வந்த மாடல். இலக்கத் தகடு இன்னும் நடுவில் ஸ்ரீ எழுத்து உள்ள பழையதுதான். 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அந்த இரவில், அப்பம்மாவைப் பின் சீற்றில் படுக்க வைத்துத்தான் தென்மராட்சிக்குக் கொண்டு போனோம். பெற்றோல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின். நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. அந்தச் சீற்றின் உறை கம்பனி போட்டுவிட்ட அதே வைனில் (பிளாஸ்ரிக் தோல்), கூடை முடைந்தது போன்ற கோடுகளோடு. உள்ளே ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திய நார். வெயிலில் வான் நின்றால் அந்த நார் ஒரு மணம் மணக்கும். பழைய வொக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும்.

போன மாரியில் பின் கண்ணாடி ரப்பரால் தண்ணீர் இறங்கி, சீற்றுக்குக் கீழே தகடு ஓரிடத்தில் துருப்பிடித்துவிட்டது. உள்ளங்கை அளவு. அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். அதற்குச் சீற் முழுதாக வெளியே வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கொம்பி என்கிற பெயருக்கே காரணம் இதுதான். சீற்றைப் பூட்டினால் ஆட்கள் போகலாம், கழற்றினால் சாமான் ஏற்றலாம், இரண்டுக்கும் சேர்த்துச் செய்த வண்டி. கழற்றுவதற்கென்றே செய்த சீற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் போனது பிரதான வீதியோரம் இருக்கிற ஒரு கராச். பெயர் எழுதவில்லை. ஒரு தெரிந்தவர் சொல்லித்தான் போனேன். முதலாளி வானைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உதென்ன அண்ணை, அரை மணித்தியால வேலை. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ."

"தம்பி, அந்தப் போல்ட் ஒண்டும் ஐம்பது வருசமாக் கழட்டாதது. எண்ணெய் விட்டு ஊறப் போட்டுத்தான் கழட்ட வேணும்."

"நாங்கள் எத்தினை வான் பாத்தனாங்கள். நீங்கள் யோசிக்காதேங்கோ."

கழற்றுவதற்கும் தகடு ஒட்டுவதற்கும் சேர்த்து 18,000 ரூபாய் என்றார். எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் போனபோது சீற் வெளியே, சீமெந்து முற்றத்தில் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது கால்கள். பின்பக்கக் கால் இரண்டையும் தளத்துக்கு ஒரு அங்குலம் மேலே இரும்பு வெட்டுகிற கிறைண்டரால் வெட்டியிருந்தார்கள். சீற்றைப் புரட்டிப் பார்த்தேன். பக்கக் கதவால் எடுக்கும்போது சரித்துப் பிடிக்காமல் இழுத்திருக்கிறார்கள். கதவுக் கொண்டியில் மாட்டி வைனில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, நார் வெளியே தெரிந்தது.

வானுக்குள் ஏறினேன். முன்பக்கப் போல்ட் இரண்டையும் காற்றில் ஓடுகிற முறுக்குத் துப்பாக்கியால் அடித்திருக்கிறார்கள். இந்த வானில் நட் தளத்துக்குக் கீழே தகட்டோடு சேர்த்து ஒட்டியிருக்கும், ஸ்பனர் போட்டுப் பிடிக்க ஏலாது. துருவேறிய போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால் போல்ட் இளகாது, அந்த ஒட்டுத்தான் விட்டுப்போகும். பிறகு நட்டும் போல்ட்டும் சேர்ந்து சும்மா சுற்றும். அப்படிச் சுற்றத் தொடங்கியதும், இரண்டு இடத்திலும் நல்ல தகட்டைச் சதுரமாக வெட்டி நட்டோடு பிடுங்கியிருக்கிறார்கள்.

பின் கண்ணாடியைக் கையால் தடவினேன், மணல் மாதிரிச் சொரசொரத்தது. கிறைண்டர் பொறி. உருகிய இரும்புத் துகள் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பள்ளம் போகாது. ஒரு பழைய சாக்கையாவது நனைத்துத் தொங்கவிட்டிருக்கலாம். உள் கூரையின் வெள்ளைச் சீலையிலும் பொட்டுப் பொட்டாக எரிந்திருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு வெளி வெள்ளைப் பெயின்ரிலும் செம்மஞ்சள் புள்ளிகள் வந்தன. பறந்த இரும்புத் தூள் துருப்பிடித்திருக்கிறது.

ஆனால் எனக்குக் கால் நடுங்கியது வேறொன்றுக்கு. இந்த மாடலில் பெற்றோல் தாங்கி பின் சீற்றுக்குப் பின்னால், கியர்ப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய தகடு. தாங்கியில் பத்து லீற்றர் வரை பெற்றோல் இருந்தது. பற்றறி எஞ்சின் அறைக்குள், அதன் வயரைக்கூடக் கழற்றவில்லை. அந்த இடத்தில் பொறி பறக்கக் கிறைண்டர் பிடித்த பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இராது. கண்ணாடி போட்டிருந்தானோ தெரியாது. அவனில் எனக்குக் கோபமில்லை. தாங்கி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு கணக்குத் துண்டு வந்தது: 46,500 ரூபாய். அதில் ஒரு வரி, 'துருப்பிடித்த தளம் சீர் செய்தல், கூடுதல் இரண்டு இடம்'. அவர்களே வெட்டிய இரண்டு சதுரத்தைத்தான் துரு என்று எழுதியிருந்தார்கள். இதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். கைப்பிழை யாருக்கும் வரும், சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். ஒரு கிழமைக்கு முதல் சீற்றுக்குக் கீழே ரோச் அடித்து நான் எடுத்த படங்கள் போனில் இருந்தன. அந்த இரண்டு இடத்திலும் தகடு கம்பனிப் பெயின்ரோடு முழுதாக இருக்கிறது. காட்டினேன். முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, "பழைய வாகனம் எண்டால் உப்பிடித்தான் அண்ணை" என்றார். வானை வெளியே எடுக்க வேண்டுமே, கடைசியில் 30,000 கொடுத்துவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கினேன். அதையும் படங்களையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, இப்படியான சேவைகளுக்கும் பொருந்தும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. சீற் பெல்ட் போல்ட் ஒன்றைத் தொலைத்துவிட்டு, கையில் கிடைத்த 12 மில்லிமீற்றர் போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். தலையில் கையை வைத்தார். வாகனம் முழுக்க மில்லிமீற்றர் கணக்கு என்றாலும், பெல்ட் பூட்டுகிற போல்ட் மட்டும் அங்குலக் கணக்கு: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. 12 மில்லிமீற்றர் அதைவிடத் தடிப்பு. ஏற்றினால் புரி அழிந்துபோகும். 10 மில்லிமீற்றர் போட்டால் இறுகினது மாதிரி இருக்கும், மோதும்போது கழன்று வரும். ஆளின் உயிர் தொங்குகிற போல்ட் அது. உங்கள் வாகனத்தில் யாராவது பெல்ட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வெட்டிய பின்பக்கக் கால்களின் அடித்துண்டு இரண்டும் போல்ட்டோடு தளத்தில்தான் இருந்தன. அவற்றை நாங்களே கழற்றினோம். இ.போ.ச. (அரச பஸ்) டிப்போவில் முப்பது வருடம் வேலை செய்த அயல்வீட்டு ஐயா வந்தார். முதல் பின்னேரம் அவர் போல்ட் தலையைத் தொடவே இல்லை. வானுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்து, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். "தம்பி, கழண்டு வாற வழி துப்பரவா இருக்க வேணும். ஊத்தையை நட்டுக்குள்ளால இழுத்தால் இறுகிப்போகும்" என்றார். பிறகு கீழேயிருந்தும் மேலேயிருந்தும் துரு இளக்குகிற எண்ணெய். அடுத்த நாளும் எண்ணெய், சுத்தியலால் தலையில் நாலு தட்டு, மெல்லமாக. மூன்றாம் நாள்தான் சொக்கெட் போட்டார். ஆறு பக்கச் சொக்கெட், 13 மில்லிமீற்றர். பன்னிரண்டு பக்கச் சொக்கெட் போட்டால் துருப்பிடித்த தலை வழுக்கி உருண்டுவிடும் என்றார். கழற்றுகிற பக்கம் திருப்ப முதல் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு கால் சுற்று இளக்கி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்ப இளக்கி. ஒரு போல்ட்டுக்கு நாற்பது நிமிடம். இரண்டும் புரி கெடாமல் வந்தன. நெருப்புக் காட்டலாமா என்று கேட்டேன். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்தால் காட்டலாம், அதுவரைக்கும் தீப்பெட்டியே வானுக்குக் கிட்ட வரக்கூடாது என்றுவிட்டார்.

இதற்குத் தேவைப்பட்டது மூன்று பின்னேரமும் ஒரு போத்தல் எண்ணெயும். ஐயா காசு வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது; அந்த இடைவெளியில் பழையதைத் திருத்தி ஓடுகிறவர்கள் நாங்கள் கூடிவிட்டோம். அதனால் கராச்சுக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். போல்ட்டைக் கீழேயிருந்து பார்த்தீர்களா? இளகாவிட்டால் என்ன செய்வீர்கள்? வெட்ட முதல் எனக்குப் போன் எடுப்பீர்களா? கூலியை எழுத்தில் வாங்குங்கள். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் எந்த ஓட்டை என்று எழுதிப் பொலித்தீன் பையில் போடச் சொல்லுங்கள். சீற்றை எடுக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும், கதவு ஓரத்துக்கு ஒரு போர்வை. முடிந்தால் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். நிற்க வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் வாகனத்தை விட வேண்டாம்.

சீற் இப்போது எங்கள் விறாந்தையில் இரண்டு மரக்கட்டைக்கு மேல் இருக்கிறது. கிழிந்த இடத்தை மூடி அம்மா ஒரு சாரத்தைப் போட்டிருக்கிறா. அப்பா பின்னேரங்களில் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார். தளம் வேறோர் இடத்தில் தாங்கியைக் கழற்றி வைத்து ஒட்டியாயிற்று, பெல்ட் போல்ட் சித்தப்பா அனுப்புகிறார். கிடைக்காதது கால்கள்தான். 1972 கொம்பியின் பின் சீற் கால், வெட்டாதது, இடதும் வலதும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எந்த ஊர் என்றாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.