முன்பணமே வேண்டாம் என்றார்கள், என் 18,600 வெள்ளி போச்சு

இன்று காலை பினாங்கு ஜார்ஜ்டவுன் போய், சோலார் பேனல் போட்டுத் தருவதாக என்னிடம் பணம் வாங்கியவர்களின் ஆபீசைத் தேடிப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் போட்டிருந்த முகவரியில் இருப்பது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு பொது ஆபீஸ். கவுண்டரில் இருந்த பெண், "அவங்க இங்க உட்கார மாட்டாங்க ஆண்ட்டி, கடிதம் மட்டும்தான் வரும்" என்றாள். அந்தக் கடிதங்களை எடுத்துப் போகவும் ரெண்டு மாசமாக ஆள் வரவில்லையாம். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்று நான் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

போன பணம் 18,600 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட்.

பெயர் போட வேண்டாம் என்று லோயர் சொல்லியிருக்கிறார், அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். கடைக்காரர்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் சோலார் பேனல் போடத் தவணைக்கு வழி செய்து தருகிறோம் என்று சொல்லும் ஓர் ஆன்லைன் தளம். பேனல் மாட்டுவதும் அவர்கள் இல்லை, கடன் கொடுப்பதும் அவர்கள் இல்லை. நடுவில் நிற்கிறவர்கள். நடுவில் நின்றே இவ்வளவு வாங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு தெலுக் பஹாங்கில் டோபி கடை. 101 பஸ் கடைசியாக நிற்கும் ஊர், ஜெட்டியும் மீன் வலையுமாக இருக்கும், அதுதான். தாத்தா டோபி காட் ஆற்றங்கரையில் கல்லில் அடித்துத் துவைத்தவர். நான் பத்து பெரிங்கி பக்கம் இருக்கும் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் மெஷினில் துவைத்துக் கொடுக்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை மெஷினும் டிரையரும் நிற்காது. தெனாகா மின்சாரக் கம்பெனியின் பில் மாதம் 3,900 வெள்ளிக்குக் குறையாது. பகலில்தான் கரண்ட் தேவை, வெயிலும் பகலில்தான். அதனால் சோலார் யோசனை எனக்கு மூன்று வருசமாகவே இருந்தது, யாரும் வந்து புதிதாக ஆசை காட்டவில்லை. கையில் மொத்தமாக ஒரு லட்சம் இல்லை, அவ்வளவுதான் தடை.

போன வருசம் மே மாதம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அண்ணன் ஒரு தம்பியை அழைத்து வந்தார். "நம்ம பையன்தான் தங்கச்சி, ஊர்ல பத்து கடை சேர்ந்தா விலை குறையுமாம்" என்றார். அந்த அண்ணனை எனக்கு இருபது வருசமாகத் தெரியும். அவருக்கு ஆள் ஒன்றுக்கு 500 வெள்ளி கமிஷன் என்பது மட்டும் எனக்குத் தெரியாது, அது டிசம்பரில்தான் வெளியே வந்தது. இப்போது எதிரில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். இருபத்தெட்டு வயசு இருக்கும். சுத்தமான தமிழ். கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வந்தான். தே ஓ கொடுத்தேன், குடித்துவிட்டு கிளாசைத் தானே கொண்டுபோய் சிங்கில் வைத்தான். பிறகு உச்சி வெயிலில் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினான். முக்கால் மணி நேரம் இறங்கவில்லை. இறங்கி வந்ததும் கையில் இருந்த துருப்பிடித்த ஆணியைக் காட்டி, "அக்கா, கடல் காத்து. சாதாரண பிராக்கெட் போட்டா சீக்கிரமே இப்படி ஆயிடும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடணும், பேனலும் உப்புக்காத்து டெஸ்ட் பாஸ் பண்ணதா இருக்கணும், இல்லன்னா கையெழுத்தே போடாதீங்க" என்றான்.

எங்கள் ஊரில் சைக்கிள் முதல் கேட் வரை எல்லாமே துருதான். எனவே அந்தப் பேச்சு நேராக மனதில் போய் உட்கார்ந்தது. அதோடு விடவில்லை. "உங்க கூரைக்கு 36 கிலோவாட் போடலாம்னு கம்பெனி சொல்லும். ஆனா பின்பக்கம் நாலு மணிக்கு மேல மரத்து நிழல் விழுது. நம்ம ஊருக்குக் கூரை எந்தத் திசை பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல, பூமத்திய ரேகை பக்கம்தானே, நிழல்தான் எதிரி. 30 போதும்" என்றான். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். அந்த நிமிசத்தோடு என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இதில் வயிறெரிவது என்னவென்றால், அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. துரு உண்மை, நிழல் உண்மை. பொய்யை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான்.

கணக்கும் சரியாகவே போட்டுக் காட்டினான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு வருசம் 1,200 யூனிட்டுக்குக் குறையாமல் வரும். 30 என்றால் மாதம் சுமார் 3,000 யூனிட். கடைக்கு அப்போது 200 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 50.9 சென். ஆக மாதம் 1,500 வெள்ளி பில்லில் குறையும். தவணை மாதம் 1,350, ஏழு வருசம். முன்பணம் சுழியம். "முதல் மாசத்துலேருந்தே 150 வெள்ளி உங்க பையிலக்கா." நானும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

அன்றைக்கே 600 வெள்ளி கேட்டான், கூரை தாங்குமா என்று இஞ்சினியர் பார்க்க. ஞாயமாகப்பட்டது, கொடுத்தேன்.

ஜூன் மாதம் போன் மேல் போன். பழைய நெட் மீட்டரிங் திட்டத்துக்கு ஜூன் 30 கடைசி நாள், அதற்குள் பதியாவிட்டால் மிச்சக் கரண்டைத் தெனாகாவுக்கு விட்டுக் கழித்துக்கொள்ளும் வாய்ப்புப் போய்விடும், ஜூலை 1 முதல் கட்டண முறையே மாறுகிறது என்றெல்லாம். இதுவும் பேப்பரில் வந்த செய்திதான், பொய் இல்லை. அந்த அவசரத்தில்தான் 12,000 வெள்ளி 'பாதுகாப்பு வைப்பு' என்று பேங்க் இன் பண்ணச் சொன்னார்கள். முன்பணம் இல்லை என்றீர்களே என்று கேட்டேன். "இது முன்பணம் இல்லக்கா, டெபாசிட். பேனல் ஓட ஆரம்பிச்ச மூணாம் மாசம் திரும்பி வந்துடும்." பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், "ஏம்மா, கடன் கொடுக்கிறவன் எதுக்கு நம்மகிட்ட காசு கேக்குறான்?" என்றான். பெரியவங்க பேசும்போது நடுவில் வராதே என்று அவனை விரட்டினேன். அவன் இப்போது அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஆகஸ்டில் ஸ்டாம்ப், இன்சூரன்ஸ் என்று இன்னொரு 6,000. அதைக் கொடுத்ததற்குக் காரணம், அந்த வாரம் நிஜமாகவே ஒரு லாரி வந்தது. நாலு பேர் கூரைமேல் ஏறி துளை போட்டுப் பன்னிரண்டு பிராக்கெட் மாட்டிவிட்டுப் போனார்கள். பேனல் அடுத்த வாரம் என்றார்கள். 600, 12,000, 6,000. கூட்டினால் 18,600. எனக்கு இந்தப் பன்னிரண்டு பிராக்கெட்தான் மிச்சம். அதுவும் 316-ம் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அக்டோபரிலேயே செம்பட்டையாகிவிட்டது. துளை வழியாக மழை ஒழுகி ஒரு விடுதியின் நாற்பது வெள்ளை விரிப்பில் துருக் கறை. அதற்கு நான் தனியாகக் காசு கட்டினேன், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது தவணை சொல்லும் படலம். பணத்துக்கு இல்லை, பதிலுக்கு. மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறை முடியட்டும் அக்கா. முதலீட்டாளர் கமிட்டி உட்காரணும் அக்கா. தீபாவளி முடியட்டும். தளத்தில் போய் எழுதினால் ஒரு டிக்கெட் எண் வரும், மூன்றாம் நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொள்ளும். ஏழு முறை திறந்தேன், ஏழு முறையும் தீர்த்துவிட்டார்கள். ஹாட்லைனில் ஒரு பெண் மிக மரியாதையாக, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்பாள். பொறுமையாக இருக்கிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? டிசம்பரில், ஜனவரி 1 முதல் சோலார் ஏடாப் என்று புதுத் திட்டம் வருகிறது, அதில் போட்டால் இன்னும் லாபம், அதற்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். திட்டம் வந்தது நிஜம். என் பேனல்தான் வரவில்லை. போன வாரம் கடைசியாக அந்தத் தம்பியே எடுத்தான். "தைப்பூசம் முடியட்டும்கா, நானே பால்குடம் எடுக்கிறேன்." இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டால், "நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லக்கா." முருகனையும் சேர்த்து ஏமாற்றிவிட்டான்.

பிறகுதான் காகிதங்களை மேசையில் பரப்பி உட்கார்ந்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அக்ரிமெண்டில் ஒரு கம்பெனி பெயர், ரசீதில் வேறு பெயர், நான் பேங்க் இன் பண்ணிய கணக்கில் மூன்றாவது பெயர். ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில், கட்டிய பணம் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இங்கிலீஷில். டெபாசிட் என்ற சொல்லே அக்ரிமெண்டில் எங்கும் இல்லை. அது அவன் வாயில் மட்டும் இருந்தது. அந்த நெட் மீட்டரிங் விண்ணப்பம் சேடாவில், அதாவது சோலார் திட்டங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பில், பதிந்த சோலார் நிறுவனம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சேடாவின் தளத்திலேயே இருக்கிறது. மூன்று பெயரையும் தட்டினேன். ஒன்றும் இல்லை.

எங்கே போய் முறையிடுவது என்று தேடியதில் இன்னொரு அடி. பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு, கடைக்கு வாங்கினால் பயனீட்டாளர் கணக்கில் வராது. கோர்ட்டில் லோயர் இல்லாமல் போடும் சிறு வழக்குக்கு உச்சவரம்பு 5,000. என் 18,600 இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. லோயர் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட் போகலாம், செலவில் பாதி போய்விடும். அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் இந்தத் தொகையை நிர்ணயித்தார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பணம் இல்லாத சோலார் உண்மையிலேயே இருக்கிறது. முதலீட்டாளர் தன் செலவில் பேனல் போடுவார், அது கரண்ட் கொடுக்க ஆரம்பித்த பிறகு யூனிட் கணக்கிலோ மாத வாடகையாகவோ நீங்கள் கட்டுவீர்கள். அப்படிப்பட்டவர் உங்களிடம் டெபாசிட் கேட்க ஒரு காரணமும் இல்லை. பேங்க் கடன் என்றால் பேங்குக்கே நேரில் போங்கள், பசுமைத் தொழில்நுட்பக் கடன் என்று 2010-லிருந்தே ஒரு திட்டம் இருக்கிறது. என் பேங்க் அதிகாரி சொன்னார், வேலை நடக்க நடக்கப் பணத்தை அவர்களே கான்ட்ராக்டருக்குக் கொடுப்பார்களாம். சேடா பட்டியலில் பெயர் பாருங்கள். கட்டும் முன் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். கட்டிவிட்டு உடனே சந்தேகம் வந்தால் மோசடிப் புகாருக்கான 997-க்கு அடியுங்கள், என்னைப் போல ஐந்து மாதம் காத்திருக்காதீர்கள். பேனல் வந்து இறங்காமல் கூரையில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள்.

தெலுக் பஹாங், பாலேக் பூலாவ் பக்கம் இதே மாதிரி கட்டியவர்கள் இருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம், ஒருவர் ஐஸ் கட்டி வியாபாரி, அவர் கட்டியது என்னைவிட அதிகம். தைப்பூசம் முடிந்ததும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒன்றாகப் போகிறோம். அந்தச் சாப்பாட்டுக் கடை அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை.