மூன் கேக்டஸுக்கு ‘கலர் பூஸ்டர்’ உரமா? வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுத் தலையோடு நர்சரிகளில் விற்கிற குட்டி ஒட்டுக் கள்ளியான மூன் கேக்டஸுக்கென்று ‘கலர் பூஸ்டர்’ என ஒரு உரம் ஆன்லைனில் ஓடுகிறது. 100 கிராம் 149 ரூபாய். வாரம் ஒரு டீஸ்பூன் தொட்டியில் தூவினால் தலை நிறம் ஏறும், ஒரே மாதத்தில் இரட்டிப்பாகும் என்று விளம்பரம். விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை; இதே சரக்கு நாளை வேறு லேபிளில் வரும். அடையாளம் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஒன்று வாங்கிப் பார்த்தேன். வந்த பாக்கெட்டில் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) எத்தனை சதவீதம் என்ற விவரம் இல்லை. தயாரிப்பாளர் முகவரி இல்லை. தொகுதி எண்ணும் இல்லை. உள்ளே ரோஸ் நிறத்தில் உருண்டைக் குருணை. ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் போட்டதும் சாயம் பிரிந்து குருணை வெளுத்தது. கலக்கக் கலக்க முழுவதும் கரைந்து, டம்ளர் சில்லென்று ஆனது. பழைய கரண்டியில் கொஞ்சம் வைத்துச் சூடாக்கினால் (தோசைக்கல்லில் செய்யாதீர்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்) அம்மோனியா நெடியோடு உருகிப்போனது, சாயக்கறை தவிர எதுவும் மிஞ்சவில்லை. இவை அத்தனையும் யூரியாவின் குணங்கள். மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்தக் கணக்கில் 100 கிராம் சுமார் 60 காசு!

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவர்கள் சொன்ன அளவைப் போட்டால் செடியே போய்விடும். ஒரு டீஸ்பூன் யூரியா ஏறக்குறைய 3.7 கிராம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 1.7 கிராம். 4 அங்குலத் தொட்டிக் கள்ளிக்கு ஒரு தடவைக்கு வேண்டியது 10 மில்லிகிராமுக்கும் குறைவு. கிட்டத்தட்ட 180 மடங்கு, அதுவும் வாரா வாரம்.

இந்தச் செடி எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் ‘நிற உரம்’ என்ற பேச்சே நிற்காது. மேலே உள்ள வண்ண உருண்டை ஜிம்னோகலிசியம் மிகானோவிச்சி. அதன் இயற்கை வகை பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா பக்கத்தது. பச்சையமே இல்லாமல் பிறந்த பிறழ்வு இது. 1940களின் தொடக்கத்தில் ஜப்பானில் எய்ஜி வட்டனாபே நாற்றுகளுக்கிடையே கண்டெடுத்து ஒட்டுக்கட்டிக் காப்பாற்றிய வகை. பச்சையம் இல்லாததால் தனக்கான உணவைத் தானே தயாரிக்காது. கீழே உள்ள மூன்று முனைப் பச்சைத் தண்டு, நம் ஊர் டிராகன் பழக் கொடிதான், இரண்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பீட்டாலைன் நிறமிகள். பச்சையத்தின் மறைப்பு இல்லாததால் அவை வெளியே தெரிகின்றன. எந்த நிறம் என்பது பிறப்பிலேயே முடிவானது.

ஆக, போடுகிற உரமெல்லாம் முதலில் தண்டுக்குத்தான் போகிறது. தழைச்சத்து அதிகமானால் தண்டு நீர்கோத்து மளமளவென்று பருக்கும். மெதுவாக வளரும் தலை அதற்கு ஈடுகொடுக்காது. ஒட்டு விளிம்பில் விரிசல் விடும், அதில் தண்ணீர் தங்கும், பூஞ்சை நுழையும். இதற்கிடையே மண்ணில் சேர்ந்த உர உப்பு வேரைக் கருக்கியிருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம், தண்டின் முனைகளில் பழுப்பு, மண் ஈரமாக இருந்தும் தலை சுருங்குவது: இந்த மூன்றையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மேலே கிடக்கும் குருணையை ஸ்பூனால் சுரண்டி எடுங்கள். 4 அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வெறும் தண்ணீரை மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் முழுக்க வடிந்தபின் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட்டு, வெளிச்சமான நிழலில் மண் முற்றிலும் காயும்வரை விடுங்கள். தண்டின் அடி கொழகொழத்திருந்தால் கழுவிப் பயனில்லை. சுத்தமான பிளேடால் பழுப்பே தெரியாத பச்சை வரும்வரை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, காய்ந்த மணலும் பெர்லைட்டும் (தொட்டி மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் குருணைக் கல்) கலந்த கலவையில் நட்டால் மறுபடி வேர்விடும். ஒட்டு மட்டும் பிரிந்து தலை கெட்டியாக இருந்தால் புதுத் தண்டில் ஒட்டலாம்: இரண்டையும் சமமாகச் சீவி, வெட்டின் நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று படும்படி வைத்து, ரப்பர் பேண்டால் இரண்டு வாரம் கட்டுங்கள்.

சரியான உரம் எந்த உரக்கடையிலும் கிடைக்கும் 19:19:19, அதாவது தழை, மணி, சாம்பல் மூன்றும் 19 சதவீதம் உள்ள, தண்ணீரில் கரையும் உரம். லிட்டருக்கு அரை கிராம் போதும். சமையலறைத் தராசு அரை கிராமைக் காட்டாது. அதனால் 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். முதல் நாள் வெறும் தண்ணீர் ஊற்றி, மறுநாள் இந்தக் கரைசலில் 100 மில்லியைத் தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றக் கூடாது, தலைமேலும் ஒட்டின்மேலும் படக்கூடாது. மாதம் ஒரு முறை, அதுவும் பிப்ரவரி–மார்ச்சிலும் ஜூலை–செப்டம்பரிலும் மட்டும். கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் நிறுத்திவிடுங்கள். புதிதாக வாங்கிய செடிக்கு 4 முதல் 6 வாரம் எதுவும் வேண்டாம். நர்சரி மண்ணில் கடுகைவிடப் பெரிய பளபளப்பான உருண்டைகள் தெரிந்தால் அது மெதுவாகக் கரையும் உரம், நம் வெக்கையில் சீக்கிரமே கரையும். வாழைப்பழத் தோல் ஊறல் பற்றி வீடியோக்கள் நிறைய உண்டு. அளவு தெரியாத சத்தும் கொசுறாகப் பூஞ்சை ஈயும்தான் கிடைக்கும்.

நிறம் மங்கினால் உரத்தைத் தேடாமல் இடத்தை மாற்றிப் பாருங்கள். காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம், பிறகு வடிகட்டிய வெளிச்சம். உச்சி வெயில் தலையை வெளுத்துச் சுடும். இருட்டு மூலை தண்டைப் பட்டினி போடும்.

இதே கடைகளில் ‘மூன் கேக்டஸ் விதை’யும் விற்கிறார்கள். பச்சையமில்லாத நாற்று ஒட்டாமல் பிழைக்காது, அதனால் அந்தப் பாக்கெட் வீண். நீலத் தலை பெயின்ட் அல்லது படத்தில் செய்த வேலை; பீட்டாலைன் நீலம் தராது. உச்சியில் நிற்கும் பூ காகிதம் போல மொறுமொறுத்தால், பசை வைத்து ஒட்டிய உலர்பூ.

வாங்கி ஏமாந்தவர்கள் பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப்போடாதீர்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சத்து அளவு உறைமேல் இருந்தாக வேண்டும். மாவட்ட வேளாண் அலுவலகத்தின் உர ஆய்வாளரிடம் மாதிரியோடு எழுதிக் கொடுக்கலாம். பணத்துக்கு முதலில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள்: 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020 மின்வணிக விதி. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.